தத்துவத்தை எங்கே தொடங்குவது, எதையும் முழுமையாகப் பார்ப்பதால் என்ன பயன்?

கேள்வி இது: "பொறியியல் படித்தவன். தத்துவம் படிக்க ஆசை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. 'எதையும் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுமையாகப் பார்க்க வேண்டும்' என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். அதில் உண்மையாகவே சரக்கு இருக்கிறதா, காதுக்கு இனிமையான பேச்சு மட்டும்தானா?"

இரண்டாவது பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தேடிப் போனால் முதல் பாதிக்கான வழி தானாகத் திறக்கும். பெரிய பெயர்களில் தொடங்காமல் நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1980களில் இந்தியாவில் பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, யாரும் எண்ணிப் பார்க்க நினைத்ததில்லை. அவ்வளவு இருந்தன. செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டால் போதும். கூட்டமாக வந்து இறங்கிச் சில மணி நேரத்தில் எலும்பை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடும். 1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் அவை தலை தொங்கி, மரத்திலிருந்து விழுந்து சாவதை பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் கவனித்தார். பிறகு நாடு தழுவிய கணக்கெடுப்புகள் நடந்தன. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் அழிந்திருந்தன. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

முதலில் பலரும் தொற்றுநோய் என்றே சந்தேகித்தார்கள். 2004ல் பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழு உண்மையைக் கண்டுபிடித்தது. செத்த பறவைகளின் சிறுநீரகம் செயலிழந்திருந்தது; உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. காரணம் டைக்ளோஃபெனாக். மனிதர்கள் மூட்டுவலிக்குச் சாப்பிடும் அதே வலிநிவாரணிதான். மாட்டுக்கும் அதை ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு செத்துப்போனால் மருந்து உடலில் மிச்சம் இருக்கும். அதைத் தின்ற பாறு செத்துவிடும். ஒரே பிணத்தில் நிறையப் பறவைகள் சேர்ந்து தின்பதால், நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த அளவு அழிவு நேர்ந்துவிடும் என்று கணக்கு காட்டியது.

அதோடு நிற்கவில்லை. பாறு தின்னாத பிணங்கள் கிடந்து அழுகின. தெருநாய்கள் பெருகின, வெறிநோய் ஆபத்து கூடியது, நீர்நிலைகள் கெட்டன. இயால் ஃப்ராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024ல் வெளியிட்ட ஆய்வு, 2000 முதல் 2005 வரை பாறுகள் மறைந்த பகுதிகளில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்ததாக மதிப்பிடுகிறது. மும்பையில் பார்சி மக்கள் தங்கள் இறந்தோரைப் பறவைகளுக்கு விடும் அமைதிக் கோபுரங்களில் பறவைகளே வராமல்போய், சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை நிறுவ வேண்டியதாயிற்று. ஒரு மதத்தின் ஈமச்சடங்கு வரை ஒரு மாட்டு ஊசியின் விளைவு போய்ச் சேர்ந்தது.

இதில் தவறு செய்தவர் யார் என்று தேடிப் பாருங்கள். விவசாயி தன் மாட்டின் வலியைத் தணிக்க நினைத்தார். கால்நடை மருத்துவர் வேலை செய்கிற, விலை குறைந்த மருந்தைக் கொடுத்தார். மாட்டுக்கு அது பாதுகாப்பானதா என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த விடை "ஆம்" என்பதுதான். அந்த விடை சரியும்கூட. ஒவ்வொருவரும் தன் வேலிக்குள் சரியாகத்தான் சிந்தித்தார்கள். வேலியை எங்கே போட்டோம் என்பதை யாரும் கேட்கவில்லை. "பாதுகாப்பானதா?" என்ற கேள்விக்குள் "யாருக்கு? எவ்வளவு காலத்துக்கு? எந்த எல்லை வரை?" என்ற மூன்று கேள்விகள் ஒளிந்திருந்தன. அவற்றை வெளியே இழுத்துப் போடுவது தத்துவத்தின் வேலை. முழுமையாகப் பார்ப்பதற்கு என்னிடம் உள்ள நேரடியான விளக்கமும் இதுதான்: ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்கு முன், அந்தக் கேள்வி எந்த எல்லைக்குள் கேட்கப்படுகிறது என்று பார்ப்பது.

இதே கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. மேடைப் பேச்சாளர்கள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பாறுகளைக் காப்பாற்றியது "எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையது" என்ற உணர்வு இல்லை. ஒரு சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்ததுதான். எந்த மருந்து, எவ்வளவு, எந்த உறுப்பில், எத்தனை நாள் தங்குகிறது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் 2006ல் இந்தியா கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்ய முடிந்தது. பாறுகளைப் பாதிக்காத மெலாக்சிகாம் மாற்றாக முன்வைக்கப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015ல் ஊசிப் புட்டியின் அளவையே குறைத்தார்கள். முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் பாறு பறக்கிறது என்றால், இந்தத் துல்லியமான வேலைக்கும் அதில் பங்கு உண்டு. பொறியியல் படித்த நீங்கள், பகுத்துப் பார்க்கும் பழக்கத்தைத் தத்துவத்துக்காகக் கைவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பகுக்கத் தெரியாதவர் சொல்லும் "முழுமை"யில் எல்லாமே மங்கலாகத்தான் தெரியும்.

இனி முதல் பாதி. தமிழில் படிக்கத் தெரிந்தவருக்கு நான் சொல்லும் முதல் வாசல் மணிமேகலையின் 27ஆம் காதை, சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை. காப்பியத்தைக் கதைக்காகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் பகுதி. வஞ்சி நகரத்தில் மணிமேகலை துறவி வடிவம் கொண்டு ஒவ்வொரு வாதியிடமும் போய் "உங்கள் கொள்கை என்ன, சொல்லுங்கள்" என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என்று வரிசையாகப் பத்துப் பேர். நூலை எழுதியவர் பௌத்தர். ஆனாலும் மற்றவர்களுக்குப் பேச இடம் கொடுக்கிறார். பெரும்பாலும் அவள் குறுக்கிடாமல் கேட்கிறாள்.

முதலில் யாரைச் சந்திக்கிறாள் என்று கவனியுங்கள். கடவுளைப் பற்றிப் பேசுபவரையோ உலகம் எப்படித் தோன்றியது என்பவரையோ இல்லை, அளவைவாதியை. கண்ணால் காண்பது, அதிலிருந்து ஊகிப்பது, உவமையால் அறிவது, நூலை நம்புவது என்று அறியும் வழிகளை அவர் அடுக்குகிறார். எவையெவை ஏற்கத்தக்கவை, எங்கே அவை பிழைக்கும் என்றும் சொல்கிறார். "உனக்கு எப்படித் தெரியும்?" என்பதை முதலில் வைத்துவிட்டுத்தான் "உலகம் எது?" என்பதற்குப் போகிறது காப்பியம். மேற்கில் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் 1641ல் வெளிவந்த தன் 'தியானங்கள்' நூலை இதே கேள்வியிலிருந்துதான் தொடங்கினார். புதிதாகப் படிக்கத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியாது.

கடைசியில் வரும் பூதவாதி, பொருளைத் தவிர வேறொன்றும் இல்லை என்பவர். அப்படியானால் உணர்வு எங்கிருந்து வந்தது? அவர் சொல்லும் விடை அருமையானது. தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றையும் சேர்த்துப் புளிக்கவைத்தால் போதை பிறக்கிறது. பூவில் போதை இல்லை, வெல்லத்தில் இல்லை; சேர்க்கையில் இருக்கிறது. அதுபோல் பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது, அவை பிரியும்போது பறையின் ஓசை அடங்குவதுபோல் அடங்கிவிடுகிறது என்கிறார். பகுதிகளில் இல்லாத ஒன்று முழுமையில் தோன்ற முடியும் என்ற வாதம் இது. மூளையின் தனித்தனி நரம்புச் செல்லில் நினைவு இல்லை, ஆனால் மூளைக்கு நினைவு இருக்கிறதே என்று இன்றைய அறிவியலாளர்கள் திணறும் இடமும் இதுவே.

மணிமேகலை இங்கே வாய் திறக்கிறாள். கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்று பூதவாதி சொன்னதும், "உன் தாய் தந்தையரை ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?" என்ற பொருள்படக் கேட்கிறாள். பிறந்த நேரத்தில் நீ பார்த்துக்கொண்டா இருந்தாய்? ஒரே கேள்வியில் அவர் நிற்கும் தரையைத் தொட்டுவிடுகிறாள். தத்துவ விவாதம் என்றால் இது. எதிராளியின் முடிவைப் பழிக்கவில்லை. அந்த முடிவுக்கு அவர் வந்த வழியைச் சோதிக்கிறாள். (அவள் கேள்வி பூதவாதியின் அறிவுக் கொள்கையைத்தான் தாக்குகிறது, தாதகிப் பூ வாதம் அப்படியே நிற்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

வைசேடிகவாதி அங்கே ஆறு வகைப் பொருள்களைச் சொல்கிறார். அதில் ஆறாவது 'கூட்டம்', வடமொழியில் சமவாயம் என்பது. இதற்குப் பின்னால் பல நூற்றாண்டுச் சண்டை ஒன்று இருக்கிறது. நூல்கள் இருக்கின்றன, அவற்றால் நெய்த துணி இருக்கிறது. துணி என்பது நூல்களின் தொகுதிக்கு நாம் வைத்த பெயரா, நூல்களுக்கு அப்பால் அதற்கென்று ஓர் இருப்பு உண்டா? நியாயம் என்ற தர்க்க மரபைச் சேர்ந்த நையாயிகர்களும் வைசேடிகர்களும் முழுப்பொருள் தனியாக உண்டு, அது தன் உறுப்புகளில் சமவாயத்தால் தங்கியிருக்கிறது என்றார்கள். பௌத்தர்கள் மறுத்தார்கள். மிலிந்த பஞ்ஹா என்ற பௌத்த உரையாடல் நூலில் நாகசேனர் என்ற துறவி கிரேக்க அரசன் மினாந்தரிடம் கேட்பது இதைத்தான்: அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர்? எதுவும் இல்லை. சேர்ந்தால் 'தேர்' என்கிறோம். நாகசேனன் என்ற ஆளும் அப்படித்தான்.

இது வெறும் சொற்போர் என்று உங்களுக்குத் தோன்றலாம். 'துணி'யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'சமூகம்' என்று வைத்துப் பாருங்கள். 'நாடு' என்று வைத்துப் பாருங்கள். சமூகத்துக்கு மனிதர்களைத் தாண்டிய ஓர் இருப்பும் நலனும் உண்டா? உண்டென்றால், அதற்காக எந்த மனிதரை எவ்வளவு வதைக்கலாம்? இங்கேதான் முழுமைச் சிந்தனையின் இருண்ட பக்கம் இருக்கிறது. நான் மிகவும் கவலைப்படும் பக்கமும் இதுதான்.

ஆங்கிலத்தில் 'ஹோலிசம்' என்ற சொல்லை உருவாக்கி, 1926ல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதியவர் தென்னாப்பிரிக்காவின் ஜான் ஸ்மட்ஸ். அணுவிலிருந்து உயிர் வரை, உயிரிலிருந்து மனித ஆளுமை வரை, இயற்கை மேலும் மேலும் பெரிய முழுமைகளை உண்டாக்கிக்கொண்டே போகிறது என்று எழுதினார். அந்த ஸ்மட்ஸ்தான் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை மறுத்து, இனங்களைத் தனித்தனியே வைக்கும் கொள்கையை ஆதரித்தவர். 1913ல் இந்தியத் தொழிலாளர்களின் போராட்டத்தை ஒடுக்கிய அரசில் அமைச்சராக இருந்து காந்தியோடு பேச்சு நடத்தியவரும் அவரே. அந்தப் போராட்டத்தில் சிறைசென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914ல் உயிரிழந்தார். எல்லாம் இணைந்த பேரண்டத்தைப் பற்றி அழகாக எழுதியவரின் அரசியலில், பக்கத்து மனிதருக்குச் சம இடம் கிடைக்கவில்லை.

நமக்கும் இதில் பழைய அனுபவம் உண்டு. சமூகம் ஓர் உடல், சிலர் தலை, சிலர் தோள், சிலர் கால், எல்லோரும் தேவை, எல்லாம் ஒரே முழுமை என்ற படம் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. கேட்க ஒற்றுமையாக இருக்கும். கால் என்று சொல்லப்பட்டவரிடம் யாரும் கேட்கவில்லை. அம்பேத்கர் 1936ல், சாதி வெறும் வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று எழுதியபோது அந்தப் படத்தைத்தான் கிழித்தார். ஓர் உடலில் கை தன் வேலையை வெறுக்காது, வேறு வேலை கேட்காது. மனிதர் கேட்பார். ஆகவே யாராவது உங்களிடம் முழுமையைப் பற்றிப் பேசினால், அந்த முழுமையின் எல்லையை யார் வரைந்தார்கள், அதற்குள் யாருடைய இழப்பு கணக்கில் வரவில்லை என்று தயங்காமல் கேளுங்கள். பாறு விஷயத்தில் எல்லையைச் சிறிதாக வரைந்ததால் கேடு. இங்கே முழுமை என்ற பெயரில் உள்ளே இருப்பவரையே மறைத்ததால் கேடு.

குருடர்களும் யானையும் கதையை இந்த இடத்தில்தான் எல்லோரும் இழுப்பார்கள். பௌத்த உதான நூலில் அது சாவத்தி நகரத்து அரசன் செய்த வேடிக்கையாக வருகிறது. சமணர்களின் கொள்கையான அநேகாந்தவாதத்தை விளக்கவும் அதைப் பயன்படுத்துவது வழக்கம். எனக்கு அந்தக் கதை மேல் ஒரு மனக்குறை உண்டு. அதைச் சொல்பவர் எப்போதும் யானையை முழுதாகப் பார்த்த அரசனின் இடத்தில் நின்றுகொள்கிறார். நாம் யாரும் அந்த இடத்தில் இல்லை. அநேகாந்தம் அதைவிட ஆழமானது: ஒவ்வொரு கூற்றும் ஏதோ ஒரு நோக்கில் உண்மை, எந்த நோக்கில் என்பதைச் சேர்த்துச் சொல் என்று அது கேட்கிறது. சொல்பவரையும் சேர்த்துத்தான் அது கட்டுப்படுத்துகிறது.

முழுமை என்பது இன்னொரு வகையிலும் தத்துவத்தில் வருகிறது: நம் அறிவே ஒரு முழுமையாக இருப்பது. வானியலிலிருந்து சொன்னால் உங்களுக்கு உடனே புரியும். 1781ல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ், நியூட்டனின் விதிப்படி போக வேண்டிய பாதையிலிருந்து விலகிக்கொண்டே இருந்தது. நியூட்டன் தவறா? லெ வெரியே என்ற பிரெஞ்சுக் கணிதர், இல்லை, அப்பால் தெரியாத ஒரு கோள் இருந்து இழுக்கிறது என்று கணக்கிட்டு இடத்தைக் குறித்துக் கொடுத்தார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லினில் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பினார். குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. அதே லெ வெரியே 1859ல் புதனின் பாதையில் ஒரு விலகலைக் கண்டார். அதே தர்க்கம்: சூரியனுக்கு அருகே தெரியாத கோள் ஒன்று இருக்க வேண்டும். அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. பல்லாண்டுகள் தேடினார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. இந்த முறை திருத்த வேண்டியிருந்தது நியூட்டனைத்தான். நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையின் 3600ல் ஒரு பங்கு) என்ற அந்தச் சின்ன மிச்சத்தை 1915ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் விளக்கியது.

ஒரே மனிதர், ஒரே யுக்தி. ஒருமுறை வெற்றி, ஒருமுறை தோல்வி. எந்தக் கோட்பாடும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை. துணைக் கருத்துகளின் பெரிய கூட்டத்தோடு வருகிறது. கணிப்பு பொய்த்தால் கூட்டத்தில் எதைக் கைவிடுவது என்பதைச் சோதனை மட்டும் சொல்லிவிடாது. இயற்பியலில் இதை 1906ல் பிரெஞ்சு இயற்பியலாளர் துஹேம் எடுத்துக்காட்டினார். 1951ல் அமெரிக்கத் தத்துவவாதி குவைன் இன்னும் விரித்து, நம் நம்பிக்கைகள் மொத்தமாகத்தான் அனுபவத்தின் முன் நிற்கின்றன என்றார். குவைன் கொஞ்சம் அதிகமாகவே விரித்துவிட்டார் என்பது என் எண்ணம்; தர்க்க விதிகளைக்கூடத் திருத்தலாம் என்பது வரை போனார். ஆனால் அடிப்படை சரி. வீட்டு விவாதத்திலும் இதைப் பார்க்கலாம். ஒரு செய்தியை ஆதாரத்தோடு மறுத்த பிறகும் எதிரில் இருப்பவர் மாறாவிட்டால், அவர் பிடிவாதக்காரர் என்று முடிவுகட்டாதீர்கள். அவருடைய கூட்டத்தில் வேறெதையோ மாற்றிக்கொண்டு அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிவிட்டார். எதை மாற்றினார் என்று கண்டுபிடித்தால்தான் பேச்சு நகரும்.

நடைமுறைக்கு வருகிறேன். தத்துவ வரலாறு என்ற தடித்த புத்தகத்தை முதலில் வாங்காதீர்கள். பெயர்களும் ஆண்டுகளும் மனப்பாடமாகும், சிந்திக்க வராது. ஒரு விவாதத்தை முழுதாக உள்ளே போய்ப் பாருங்கள். மணிமேகலை 27ஐயும் நாகசேனரின் தேர்ப் பகுதியையும் அடுத்தடுத்துப் படியுங்கள். அதன் பின் பிளேட்டோ எழுதிய சாக்ரடீஸின் வழக்குமன்றப் பேச்சு. சின்ன நூல், ஒரே அமர்வில் முடியும். ஒவ்வொன்றையும் படித்தபின் ஒரு தாளில், இவர் எதை நிறுவப் பார்க்கிறார், எதைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டார் என்று இரண்டு வரி எழுதுங்கள். இரண்டாவது வரிதான் கடினம், மெதுவாகத்தான் பழகும். உங்கள் துறையிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஓர் அணையின் திட்ட அறிக்கையையோ ஒரு மென்பொருளின் தேவைப் பட்டியலையோ எடுத்து, எல்லை எங்கே வரையப்பட்டிருக்கிறது, எல்லைக்கு வெளியே போகும் கழிவு, செலவு, ஆபத்து யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள்.

மணிமேகலையை மூலத்தோடு தனியாகப் படிக்க முயல வேண்டாம், கலைச்சொற்கள் தடுக்கும். ந.மு. வேங்கடசாமி நாட்டாரும் ஔவை துரைசாமிப் பிள்ளையும் எழுதிய உரை இந்தப் பகுதிகளுக்கு நன்றாக உதவும். 29ஆம் காதையில் பௌத்த தர்க்கம், அதிலும் போலி வாதங்களின் நீண்ட வகைப்பாடு வருகிறது. அது உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் 27 நன்றாகப் பழகிய பின் அதற்குப் போங்கள்.